காசான கடல் நத்தை

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் திருப்பாலைவனத்தைத் தாண்டினால் காற்றில் உப்பு வாடை கலந்து வரும். சிறிது நேரத்தில் ஏரி கண்ணுக்குத் தெரியும். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இந்த உவர்நீர் ஏரி, இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய காயல் ஆகும். கரையில் இறங்கி ஒரு கை நிறையச் சிப்பிகளை அள்ளிப் பாருங்கள். மட்டியின் ஓடுகள் இருக்கும். கூம்பு போல முறுக்கிக்கொண்ட சேற்று நத்தைகளின் ஓடுகள் இருக்கும். ஆனால் எவ்வளவு தேடினாலும் அந்தச் சேற்றில் ஒன்று மட்டும் அகப்படாது. அதுதான் சோழி.

ஆனால் சோழியை அறியாத தமிழர் உண்டா? பல்லாங்குழியில் குழிகளை நிரப்புவது சோழி. தாயம் ஆடும்போது உருட்டுவது சோழி. சோதிடர் பலகையில் பரப்புவதும் சோழியே. பலகறை என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஏரியில் இல்லாத பொருள் வீட்டுக்குள் எப்படி வந்தது? இந்தச் சிறிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றால், அது நம்மை மாலத்தீவுக்கும், வங்காளத்துக்கும், ஆம்ஸ்டர்டாமுக்கும், இறுதியில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கும் அழைத்துச் செல்லும். வழியில் பழவேற்காட்டுக் கோட்டையும் வரும்.

சோழிக்குள் இருந்த உயிர்

முதலில் சோழி எது என்று தெரிந்துகொள்வோம். அது ஒரு சிறிய கடல் நத்தையின் ஓடு. 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்குச் ‘சிப்ரேயா மொனெட்டா’ என்று பெயரிட்டார். மொனெட்டா என்ற இலத்தீன் சொல்லுக்குப் பணம் என்று பொருள். இன்று இதனை ‘மொனெட்டேரியா மொனெட்டா’ என்று வழங்குகிறார்கள். பெயர் மாறினாலும் பணம் அதை விட்டுப் போகவில்லை!

இந்த நத்தை இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும், வெப்பமான, ஆழமற்ற பவளப்பாறைப் பகுதிகளில் வாழ்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகளிலும் இலட்சத்தீவுகளிலும் இதனைக் காணலாம். பாறையில் படியும் பாசியே இதன் உணவு. பழவேற்காடு ஏரியில் பவளப்பாறை இல்லை; தரை முழுவதும் மணலும் சேறும். ஆகவே இங்கே இது வாழ்வதற்கில்லை.

சோழியின் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? மற்ற நத்தைகள் நகரும்போது ஓடு வெளியே தெரியும். சோழி நத்தையோ, தன் உடலின் மெல்லிய போர்வை போன்ற பகுதியை ஓட்டின் இருபுறமும் மேலே ஏற்றி மூடிக்கொள்ளும். அந்தப் போர்வை சுரக்கும் கால்சியம் கார்பனேட் பூச்சு, ஓட்டின் மேல் மெருகாகப் படிகிறது. கடலுக்குள் இருக்கும்போதே ஓடு தேய்மானத்திலிருந்து காக்கப்படுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. இளம் சோழியின் ஓடு மெல்லியது, வாய் அகன்றது, அதில் நத்தைக்குரிய சுருள் தெரியும். முதிர்ச்சி அடையும்போது வாயின் விளிம்பு உள்நோக்கி மடங்கி, நமக்குத் தெரிந்த பல் வரிசை உண்டாகிறது. அதன்பின் ஓடு நீளத்தில் வளர்வதில்லை. தடிப்பு மட்டுமே ஏறும். எனவே ஓரிடத்தில் பிடித்த முதிர்ந்த சோழிகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். இந்த உயிரியல் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் பின்னால் ஒரு வரலாற்றையே உருவாக்கியது.

தீவுகளின் அறுவடை

சோழி மிகுதியாகக் கிடைத்த இடம் மாலத்தீவு. தமிழர்க்கு இத்தீவுகள் புதியவை அல்ல. முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகள், அவன் வென்ற நாடுகளின் வரிசையில் பழந்தீவுகளையும் சேர்த்துச் சொல்கின்றன. அவை மாலத்தீவுகளே என்பது வரலாற்றறிஞர் கருத்து.

அங்கே சோழி எடுத்த முறையை ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர்கள் குறித்துள்ளனர். தென்னையின் மட்டைகளையும் கிளைகளையும் கடல் நீரில் மிதக்க விடுவார்கள். நத்தைகள் அவற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும். 1343, 1344-ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் தங்கிய மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா அடுத்த கட்டத்தைச் சொல்கிறார். பிடித்த நத்தைகளைக் கரையில் குழி தோண்டிப் புதைப்பார்கள். தசை அழுகி அழிந்தபின் வெண்மையான ஓடு மட்டும் மிஞ்சும். வங்காளத்திலிருந்து அரிசி கொண்டுவந்த வணிகர்கள் அரிசியைக் கொடுத்து ஓட்டை வாங்கிச் சென்றார்கள்.

விலை என்ன தெரியுமா? மாலத்தீவில் ஒரு தங்கத் தினாருக்கு 4,00,000 சோழிகள் என்கிறார் இபன் பதூதா. சில வேளைகளில் இன்னும் மலிவு. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதர் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போனார். அங்கேயும் சோழி பணமாகப் புழங்குவதைக் கண்டார். அங்கே ஒரு தங்கத் தினாருக்கு 1,150 சோழிகள்தாம்!

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே ஓடு; ஓரிடத்தைவிட மற்றோரிடத்தில் அதன் மதிப்பு ஏறக்குறைய 350 மடங்கு. ஓட்டில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது இடைப்பட்ட தொலைவும், அதை எளிதில் பெறமுடியாத மக்களின் தேவையுமே.

ஏழையின் சில்லறை

சோழியைப் பணமாக ஏற்றது அறியாமையால் என்று எண்ணிவிடக் கூடாது. நாணயத்துக்கு வேண்டிய குணங்கள் யாவை? எளிதில் உடையக் கூடாது. துருப்பிடிக்கக் கூடாது. அளவு ஒன்றாக இருக்க வேண்டும். போலி செய்வது கடினமாக இருக்க வேண்டும். எண்ண எளிதாக இருக்க வேண்டும். இந்த ஐந்தும் சோழிக்கு உண்டு. பொன்னையும் வெள்ளியையும் சுரண்டலாம், கலப்படம் செய்யலாம். சோழியில் எதைச் சுரண்டுவது?

இவற்றுக்கு மேலாக மற்றொரு குணமும் அதற்கு இருந்தது. மிகச் சிறிய மதிப்பையும் அதனால் அளக்க முடிந்தது. வங்காளத்துக் கணக்கைப் பாருங்கள்:

4 சோழி – 1 கண்டா
20 கண்டா – 1 பணம்
16 பணம் – 1 காகன்
4 காகன் – 1 வெள்ளி ரூபாய்

இந்தக் கணக்கில் ‘பணம்’ என்று எழுதியிருப்பது, 80 சோழிகளுக்கு வங்காளிகள் வழங்கிய பெயர். மேலே உள்ளவற்றைப் பெருக்கினால் ஒரு ரூபாய்க்கு 5,120 சோழிகள் வரும். அந்நாளில் ஒரு ரூபாய்க்கு 64 பைசா. அப்படியானால் ஒரு செப்புப் பைசாவுக்கு 80 சோழிகள். ஒரு பைசாவையே உடைக்க வேண்டியிருந்த ஏழை, ஒரு பிடி உப்புக்கும் நான்கு மிளகாய்க்கும் எதைக் கொடுப்பான்? அவனுக்குச் சோழிதான் சில்லறை.

சில்லறை மட்டுமா? 1770-களின் இறுதியில் சில்ஹெட் பகுதியில் (இன்றைய வங்காளதேசம்) கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாகச் சென்ற ராபர்ட் லிண்ட்சே, அங்கே 2,50,000 ரூபாய் நிலவரி முழுவதும் சோழியாகவே வந்தது என்று எழுதியுள்ளார். 5,120-ஆல் பெருக்கினால் 128 கோடிச் சோழிகள்! ஒரு சோழியின் எடை ஏறக்குறைய ஒன்றேகால் கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று கொண்டாலும், மொத்தம் சுமார் 1,400 டன். இவற்றை வைக்கக் கிடங்குகள் வேண்டும். டாக்கா நகருக்குக் கொண்டு செல்ல ஒரு படகுக் கூட்டமே வேண்டும். நத்தை ஓட்டைக் காக்க ஓர் அரசாங்கமே காவல் நின்ற காலம் அது.

பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரர்

இனி நம் ஏரிக்கரைக்குத் திரும்புவோம். 1610-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைக்க அனுமதி பெற்றனர். போர்த்துகீசியரின் தாக்குதலுக்குப் பின் அங்கே ஒரு கோட்டை எழும்பியது. 1613-இல் முடிந்த அக்கோட்டைக்கு ஜெல்ட்ரியா என்று பெயர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரரின் தலைமையகம் பழவேற்காடுதான். கோட்டை இன்று மண்மேடாகிவிட்டது. ஆனால் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

டச்சுக்காரர் இங்கே தேடி வந்தது சோழியை அன்று, துணியை. சோழமண்டலத் துணியைக் கொடுத்தால்தான் கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் கிடைத்தன. மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘பெலிகாட்’ என்கிறார்கள். அது பழவேற்காட்டின் பெயரே! நெசவாளர் பெயர் எதுவும் நிற்கவில்லை; ஊரின் பெயர் நின்றது.

துணியோடு மனிதரும் ஏற்றுமதியானார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. 1619-இல் டச்சுக்காரர் சாவகத்தில் படேவியா நகரை (இன்றைய ஜகார்த்தா) நிறுவினர். அந்நகரைக் கட்டவும் அங்கே உழைக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1620-களிலேயே பழவேற்காட்டிலிருந்து அடிமைகள் கப்பலேறினர். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில், உணவின்றித் தவித்த குடும்பங்கள் பிள்ளைகளையும் தங்களையும் விற்றுக்கொண்டன. பஞ்ச காலத்தில் ஆள் மலிவு. எனவே பஞ்ச காலங்களில்தான் அடிமைக் கப்பல்களும் பெருகின.

துணியும் ஓடும் சேர்ந்த இடம்

1658-க்குள் டச்சுக்காரர் இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். மாலத்தீவுப் படகுகள் சோழியை ஏற்றிக்கொண்டு இலங்கைத் துறைமுகங்களுக்கு வந்தன. அரிசி போன்ற பண்டங்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. டச்சுக் கம்பெனி அந்தச் சோழியை ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பல்களின் அடித்தளத்தில் கொட்டியது. கப்பல் நிலையாக மிதக்க எப்படியும் அடிப்பாரம் வேண்டும். கல்லையும் மணலையும் ஏற்றுவதற்குப் பதிலாகச் சோழியை ஏற்றினால் பாரமும் ஆயிற்று, பணமும் ஆயிற்று. ஆங்கிலக் கம்பெனியும் இதையே செய்தது.

ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் சோழி ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர்கள் யார்? ஐரோப்பாவில் சோழியால் ஒரு ரொட்டித் துண்டும் வாங்க முடியாது. எடுத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் விடும் அடிமை வணிகர்கள். அங்கே, இபன் பதூதா கண்டதுபோல, பல நூற்றாண்டுகளாகச் சோழி பணமாக இருந்தது. அந்தக் கப்பல்களில் சோழியோடு இந்தியத் துணியும் ஏறியது. சோழமண்டலத்தில் நெய்த நீண்ட பருத்தித் துணி ஒன்றுக்கு, அது விற்பனையாகும் ஆப்பிரிக்கக் கரையின் பெயரால் ‘கினித் துணி’ என்றே பெயர் இருந்தது. இவ்வாறு நம் கரையில் தறியில் பிறந்த துணியும், மாலத்தீவில் கடலில் பிறந்த ஓடும் ஒரே கப்பலில் சேர்ந்தன. இரண்டும் வாங்கியது மனிதரை.

1700 முதல் 1790 வரை டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்ற சோழிகள் சுமார் 1,000 கோடி என்று வரலாற்றறிஞர்கள் ஹோகன்டார்ன், ஜான்சன் ஆகியோர் 1986-இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுள்ளனர். எடை 11,000 டன்னுக்கு மேல்.

அடிமைக் கரையில் ஓர் ஆளின் விலை 1680-களில் சுமார் 10,000 சோழிகள். 1770-களில் அது 1,60,000-ஐ எட்டியது. நாமே நிறுத்துப் பார்ப்போம். 10,000 சோழிகளின் எடை 11 கிலோகிராம் அளவுதான். ஒரு சிறுவன் தலையில் சுமக்கக் கூடியது. 1,60,000 சோழிகளின் எடை ஏறக்குறைய 180 கிலோகிராம். ஒரு மனிதனுக்கு ஈடாக அவனைப் போல மூன்று மனிதரின் எடையுள்ள ஓடு! அவன் கரும்புத் தோட்டத்துக்குப் போனான். ஓடுகள் கரையில் தங்கின. ஆப்பிரிக்கா இழந்தது உழைக்கும் மக்களை. பெற்றது இறந்த நத்தைகளின் கூடுகளை. அந்தக் கூடுகளை மீண்டும் ஐரோப்பாவில் கொடுத்து எதையும் வாங்க முடியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அது ஒரு வழிப் பணம்.

பணம் ஓடாக மாறியது

பணத்தின் மதிப்பு எப்படி வந்ததோ அப்படியே போயிற்று. அதையும் இரண்டு இடங்களில் காண்போம்.

ஒன்று ஒரிசா. 1803-இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். அதுவரை சோழியில் வரி கட்டிய குடியானவர்கள் இனி வெள்ளி ரூபாயில் கட்ட வேண்டும் என்றனர். சோழியை யாரும் வரிக்கு ஏற்காததால் அதன் மதிப்பு சரிந்தது. அதே நிலவரிக்கு முன்னைவிட அதிகச் சோழி கொடுத்து வெள்ளி வாங்கவேண்டி வந்தது. விளைச்சல் கூடவில்லை, வரிச்சுமை மட்டும் கூடியது. 1817-இல் குர்தாவில் பக்சி ஜகபந்து தலைமையில் வெடித்த பாயக்கர் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

மற்றொன்று ஆப்பிரிக்கா. 1807-இல் ஆங்கிலேயர் தம் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் நிறுத்தினர். பின்னர் அக்கரையில் பனையெண்ணெய் வணிகம் வளர்ந்தது. அதற்கும் சோழி வேண்டியிருந்தது. 1840-களில் ஹாம்பர்க் நகர வணிகர்கள் ஒரு தந்திரம் கண்டனர். கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் பக்கத்தில் ‘மொனெட்டேரியா அன்னுலஸ்’ என்ற மற்றொரு சோழி ஏராளமாகக் கிடைத்தது. முதுகில் பொன்னிற வளையம் உடைய இந்த இனம் மாலத்தீவுச் சோழியைவிடப் பெரியது, எடை மிகுந்தது, மிக மலிவானது. கப்பல் கப்பலாக அதைக் கொண்டுவந்து இறக்கினர். பணத்தின் அளவு பெருகப் பெருக அதன் மதிப்பு விழும் என்பது பொருளாதாரத்தின் முதல் பாடம். அதுவே நடந்தது. வாழ்நாளெல்லாம் சேர்த்துப் பானைகளில் புதைத்து வைத்த குடும்பங்களின் செல்வம் வெறும் ஓடாயிற்று. 1904-இல் நைஜீரியாவில் ஆங்கிலேயர் சோழி இறக்குமதியைத் தடை செய்தபோது, கதை ஏறத்தாழ முடிந்துவிட்டிருந்தது.

ஆனால் பெயர் முற்றிலும் அழியவில்லை. 1965-இல் கானா நாடு புதிய நாணயத்தை வெளியிட்டபோது அதற்குச் ‘செடி’ என்று பெயர் வைத்தது. அகான் மொழியில் அதற்குச் சோழி என்று பொருள். 2023 ஜூலை 1 அன்று நெதர்லாந்து மன்னர், தம் நாடு அடிமை வணிகத்தில் ஈடுபட்டதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் சோழி இருந்தால் இரண்டு எளிய சோதனைகள் செய்யலாம்.

உடைந்த ஒரு சோழித் துண்டின் மேல் எலுமிச்சைச் சாற்றைச் சில துளிகள் விடுங்கள். சிறு குமிழிகள் எழும். அமிலம் கால்சியம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகிறது. 1,000 கோடி ஓடுகளும் வேதியியல் கண்ணில் இதுதான்: சுண்ணாம்பு.

அடுத்து, பத்துச் சோழிகளை நூறு முறை உருட்டுங்கள். எத்தனை வாய் மேலாக விழுந்தன, எத்தனை முதுகு மேலாக விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். நாணயத்தைச் சுண்டினால் வருவதுபோலச் சரிபாதி வருகிறதா என்று பாருங்கள். இல்லையானால் ஓட்டின் வடிவம் அதற்கு எவ்வாறு காரணமாகிறது என்று எண்ணுங்கள்.

சோழி நத்தை யாருக்கும் விலை கேட்கவில்லை. பவளப்பாறையின் அடியில் பாசியை மேய்ந்து, பெண் நத்தை முட்டைகளின் மேல் நாள் கணக்காக அமர்ந்து காத்து, தன் வாழ்வை நடத்தியது. அதன் ஓட்டுக்கு விலை வைத்தவர்கள் மனிதர்கள். பிறகு அந்த ஓட்டைக் கொண்டு மனிதனுக்கு விலை வைத்தவர்களும் மனிதர்களே. முதல் செயல் ஓர் ஏழைக்கு உப்பு வாங்கிக் கொடுத்தது. இரண்டாவது செயல் ஒரு கண்டத்தையே வெறுமையாக்கியது. கருவி ஒன்றே.

அடுத்த முறை பல்லாங்குழிக்குச் சோழிகளைக் கொட்டும்போது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது நம் ஏரியில் பிறந்ததன்று. அதைப் போன்ற ஓடுகளும் நம் கரைத் துணியும் போன வழியில்தான் பெயர் தெரியாத இலட்சக்கணக்கான மக்களும் போனார்கள். ஆட்டத்தில் தோற்றால் சோழியை மீண்டும் எண்ணிக் கொடுத்துவிடலாம். அந்த மக்களை எண்ணித் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.